வைரஸ் புரதம் நம் புரதத்தைப் போல இருக்கிறதாம்: செய்தி வந்தால் நீங்களே சோதிப்பது எப்படி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வகைச் செய்தி ஓயாமல் சுற்றுகிறது. வைரஸின் புரதம் ஒன்று, மனிதப் புரதம் ஒன்று, இரண்டின் எழுத்து வரிசையையும் மேலும் கீழுமாக வைத்து, ஒத்துப்போகும் ஐந்தாறு எழுத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருப்பார்கள். அடியில் ‘இதனால் உடம்பே உடம்பைத் தாக்கும், பிள்ளைகளுக்கு ஊசி போடாதீர்கள்’ என்று இருக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது வந்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

நான் இங்கே ஒரு கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கோவில் மண்டபத்தில் படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் பாடத்துக்காகக் கேட்பதைவிட, அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் கைப்பேசியை நீட்டி, “டீச்சர், இது உண்மையா?” என்று கேட்பதுதான் அதிகம். உண்மை, பொய் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. நான் சொல்வதை நம்புவதும் புலனத்தில் வந்ததை நம்புவதும் அப்போது ஒன்றாகிவிடுகிறது. அதனால் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பழகிய முறையை இங்கே எழுதுகிறேன். பள்ளி உயிரியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செய்திகளின் அடியில் இருக்கும் அறிவியல் கற்பனை இல்லை. மாலிக்யூலர் மிமிக்ரி, அதாவது மூலக்கூறு பாவனை, உண்மையிலேயே நடக்கும் ஒன்று. 1964-இல் ரேமண்ட் டேமியன் என்ற ஆய்வாளர் ஒட்டுண்ணிகளைப் பற்றி எழுதும்போது இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிருமியின் ஒரு பகுதி நம் உடம்பின் பகுதியைப் போலவே இருந்தால் இரண்டில் ஒன்று நடக்கலாம். நம் எதிர்ப்பு அணுக்கள், அதாவது கிருமியோடு போராடும் உயிரணுக்கள், ஏமாந்து கிருமியை விட்டுவிடலாம். அல்லது கிருமியைத் தாக்கப் போய் நம் உடம்பையும் சேர்த்துத் தாக்கலாம். தொண்டைப்புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் வால்வில் போய் நிற்கிறதே, அது இந்த வழியில்தான். அந்தக் கிருமி பாக்டீரியா. இங்கே நாம் பார்க்கப்போவது வைரஸ்.

அப்படியானால் ‘இது நடக்குமா’ என்று கேட்டுப் பயனில்லை. உங்கள் கையில் இருக்கும் அந்த ஐந்தாறு எழுத்து அதற்குச் சாட்சியாகுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

ஒரு கைப்பேசி அல்லது மடிக்கணினி, பென்சில், கட்டம் போட்ட தாள், மஞ்சள் பச்சை ஹைலைட்டர்கள். செம்பனைக்கு நடுவில் லைன் கிடைக்காத வீடு என்றால், டவுனுக்கு வரும்போது புரத வரிசைகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். தாளில் பார்ப்பதுதான் எனக்கும் பிடிக்கும். திரையில் கண் தாவிவிடுகிறது.

மூன்று இணையதளங்கள் வேண்டும், மூன்றும் இலவசம். யூனிப்ராட்டில் ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு பக்கம் இருக்கும். அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. நிலையத்தில் பிளாஸ்ட் என்ற தேடல் கருவி இருக்கிறது. 1990-இல் வெளியான முறை, இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவது ஐ.இ.டி.பி. எதிர்ப்பொருளோ (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்) டி அணுவோ (எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை) எந்தப் புரதத் துண்டை அடையாளம் கண்டது என்று ஆய்வுக்கூடங்களில் சோதித்த முடிவுகளை அங்கே சேர்த்து வைக்கிறார்கள்.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. மொத்தம் 20 வகை, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. நான் இங்கே எழுத்துகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். திரையில் நீங்கள் ஆங்கில எழுத்தாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களைத் தாளில் எழுதுங்கள்: எந்த வைரஸ், அதில் எந்தப் புரதம், எந்த எழுத்துகள், மனிதனின் எந்தப் புரதம். நான்கில் ஒன்று இல்லை என்றால் மேலே போகாதீர்கள், அனுப்பியவரிடமே கேளுங்கள். பாதிச் செய்திகள் இந்த இடத்திலேயே நின்றுவிடும். ஏனென்றால் ‘வைரஸ்’ என்றும் ‘மனித அணு’ என்றும் பொதுவாக எழுதியிருப்பார்களே தவிர, எந்தப் புரதம் என்று இருக்காது.

ஒரு நிஜ உதாரணத்தைக் கையால் செய்து பாருங்கள்

பழகுவதற்குப் புலனச் செய்தியை எடுக்க வேண்டாம். அறிவியல் இதழில் வந்த ஒன்றையே எடுப்போம். 1986-இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் பி.என்.ஏ.எஸ். இதழில் ரெய்ஹர், பிளேலாக், பிரங்க் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். எச்.ஐ.வி-யின் உறைப் புரதத்தின் கடைசி ஆறு எழுத்துகள், இன்டர்லூக்கின்-2 என்ற மனிதப் புரதத்தின் ஒரு துண்டைப் போல இருக்கின்றன என்றார்கள். இன்டர்லூக்கின்-2 டி அணுக்கள் சுரப்பது. ‘பெருகு’ என்று டி அணுக்களுக்கே சொல்லும் சமிக்ஞை. எச்.ஐ.வி. அழிப்பதும் அதே டி அணுக்களைத்தான். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய துப்பாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யூனிப்ராட்டில் பி04578 என்று தட்டுங்கள் (இந்த எண்களில் வரும் ‘பி’ எல்லாம் ஆங்கில P). எச்.ஐ.வி-யின் உறைப் புரதம் வரும், 856 எழுத்து. பக்கத்தில் ‘ஃபாஸ்டா’ என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் வெறும் வரிசை மட்டும் வரும், வரிக்கு 60 எழுத்து. கடைசி வரிக்குப் போங்கள். அது 16 எழுத்துள்ள குட்டை வரி. அதன் கடைசி ஆறு: எல், ஈ, ஆர், ஐ, எல், எல். புரதம் அங்கே முடிந்துவிடுகிறது. இதை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டும்.

அடுத்து பி60568. இதுதான் மனித இன்டர்லூக்கின்-2, 153 எழுத்து. முதல் 20 எழுத்து அணுவிலிருந்து வெளியே வரும்போது வெட்டுப்பட்டுப் போகும். வேலை செய்வது மிச்சம் 133. முதல் வரியில் 34-ஆவது எழுத்திலிருந்து பாருங்கள்: எல், ஈ, எச், எல், எல், எல். அடுத்து டி (D).

இரண்டையும் கட்டத்தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். அப்படியே ஒத்ததற்கு மஞ்சள். முதலாவது, இரண்டாவது, ஐந்தாவது, ஆறாவது: நான்கு. மூன்றாவது இடத்தில் வைரஸில் ஆர்ஜினின், நம்முடையதில் ஹிஸ்டிடின். இரண்டுமே காரத்தன்மை உள்ளவை என்பதால் பச்சை. நான்காவதில் ஐசோலியூசின், லியூசின். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி எண்ணெய்ப்பசையான அமிலங்கள், அதுவும் பச்சை. ஆக நான்கு மஞ்சள், இரண்டு பச்சை, வெள்ளையே இல்லை. பிள்ளைகள் இந்தத் தாளைப் பார்த்ததும் “அடடா, நிஜமாவே ஒத்துப்போகுதே டீச்சர்!” என்பார்கள். எனக்கு அந்த நிமிடம் பிடிக்கும், ஏனென்றால் புலனத்தில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்க்கும் அம்மாவுக்கும் இதே உணர்வுதான் வருகிறது.

இப்போது இந்தத் தாளிடமே மூன்று கேள்வி கேட்போம்.

தற்செயலாக நடக்க எவ்வளவு வாய்ப்பு?

இதற்குப் பெருக்கல் தெரிந்தால் போதும். 20 எழுத்தில் ஐந்தெழுத்துத் துண்டு எத்தனை விதமாக அமையலாம்? 20-ஐ ஐந்து முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 3.2 மில்லியன். மனிதனுக்குச் சுமார் 20,000 வகைப் புரதங்கள். எழுத்துகளைக் கூட்டினால் ஏறத்தாழ 11 மில்லியன். அப்படியானால் நீங்கள் மனம்போன போக்கில் எழுதும் எந்த ஐந்தெழுத்தும் மனித உடம்பில் சராசரியாக மூன்று தடவைக்கு மேல் வரும். எச்.ஐ.வி. உறைப் புரதத்தில் 852 ஐந்தெழுத்துத் துண்டுகள் இருக்கின்றன. பெருக்கிப் பாருங்கள்: தற்செயலாகவே 2,900 பொருத்தம்.

ஆறெழுத்து என்றால் 64 மில்லியன் விதம். அப்போதும் ஒரு வைரஸ் புரதத்துக்குச் சுமார் 146 பொருத்தம். எட்டெழுத்துக்குப் போனால்தான் கணக்கு ஒன்றுக்குக் கீழே இறங்கும்.

இது ஆறும் அச்சாக ஒத்தால். நம் உதாரணத்தில் ஆறில் நான்குதானே ஒத்தது? ஆறில் எந்த நான்கு ஒத்தாலும் சரி என்று தளர்த்தினால், ஒரே ஓர் ஆறெழுத்துத் துண்டுக்கு மனித உடம்பில் 900-க்கும் மேற்பட்ட இடங்கள் பொருந்தும். அந்த 900-இல் எதிர்ப்பு மண்டலத்துப் புரதம் ஒன்று இருப்பதில் என்ன ஆச்சரியம்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பு) கிராணி (தோட்டக் கணக்கர்) செக்ரோலைத் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) திறந்து ‘முனி’ என்று தொடங்கும் பெயர்களைத் தேடினால் முனியாண்டி, முனியம்மா, முனியப்பன், முனியன் என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். அவர்களெல்லாம் உறவுக்காரர்கள் என்று யாராவது சொல்வார்களா?

இன்னொரு விஷயம், எழுத்துகள் எல்லாம் சம அளவில் வருவதில்லை. நம் புரதங்களில் நூற்றுக்குப் பத்து லியூசின். டிரிப்டோபேன் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான். நம் உதாரணத்தில் மஞ்சள் பட்ட நான்கில் மூன்று லியூசின். அதனால் அந்தப் பொருத்தத்தின் எடை இன்னும் குறைகிறது. டிரிப்டோபேனோ சிஸ்டீனோ ஒத்திருந்தால் நான் கூடுதலாகக் கவனிப்பேன்.

கணக்கை நம்ப மனமில்லையா, பிளாஸ்ட்டில் செய்து பாருங்கள். புரதத்துக்கு உரிய பிளாஸ்ட்டைத் திறந்து, பெட்டியில் அந்த ஆறெழுத்தைப் போடுங்கள். தரவுத்தளத்தில் சுவிஸ்ப்ராட் என்றும், உயிரினத்தில் 9606 என்றும் கொடுங்கள். 9606 என்பது மனிதனுக்கான எண். கீழே அளவுருக்கள் பகுதியில், சின்னத் துண்டுகளுக்குத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று வந்துவிடும். முடிவில் நீளமான பட்டியல் வரும். வலப்பக்கம் ‘ஈ’ மதிப்பு என்ற ஒரு பத்தி இருக்கும். இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை கிடைக்கும் என்பதுதான் அந்த எண். பூச்சியத்தை ஒட்டி இருந்தால் கவனிக்கத் தகுந்தது. ஆறெழுத்துக்கு அது ஒன்றைத் தாண்டித்தான் இருக்கும்.

இதோடு நிறுத்தாமல் ஒரு எதிர்ச்சோதனையும் செய்யுங்கள். என்னைக் கேட்டால் முழு வழிகாட்டியிலும் இதுதான் தவறவிடக்கூடாத இடம். யூனிப்ராட்டில் பி02877 எடுங்கள். இது எந்த வைரஸும் இல்லை, பால்மரத்துப் (ரப்பர் மரம்) புரதம். ஹெவீன் என்று பெயர். என் அப்பா அம்மா விடியற்காலையில் வாளி வாளியாகச் சுமந்த பாலில் இருப்பது. 204 எழுத்தில் எங்கிருந்தாவது ஆறெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பிளாஸ்ட்டில் போடுங்கள். மனிதப் புரதங்கள் வரிசையாக வந்து நிற்கும், நான்கெழுத்து ஐந்தெழுத்து ஒத்தபடி. பால்மரம் மனிதனைப் பாவனை செய்கிறது என்று யாரும் சொல்லமாட்டோம். வைரஸுக்குக் கிடைத்த பொருத்தம் பால்மரத்துக்குக் கிடைத்ததைவிட மேலானதாக இல்லை என்றால், அந்தச் சிவப்பு வட்டத்துக்கு மதிப்பில்லை.

ஹெவீனைச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வாழைப்பழமும் அவகாடோவும் சாப்பிட்டால் உதடு தடிக்கும். அது நிஜமான குறுக்குத் தாக்கம். ஹெவீனுக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருள், அந்தப் பழங்களில் இருக்கும் கைட்டினேஸ் என்ற புரதத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அங்கே ஒத்திருப்பது ஆறெழுத்து இல்லை. நாற்பது எழுத்துக்கு மேல் நீளும் முழு மடிப்பு (புரதச் சங்கிலி மடிந்து எடுக்கும் வடிவம்), சிஸ்டீன்கள் எல்லாம் அதே அதே இடத்தில். ஒவ்வாமை ஆய்விலும் இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறார்கள். 2001-இல் ஐ.நா-வின் உணவு, விவசாய அமைப்பான எஃப்.ஏ.ஓ-வும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, தொடர்ந்து ஆறெழுத்து ஒத்தாலே சந்தேகப்படச் சொன்னது. பொய் எச்சரிக்கைகள் குவிந்தன. 2003-இல் வந்த கோடெக்ஸ் (அனைத்துலக உணவுத் தர விதிகள்) வழிகாட்டியோ 80 எழுத்து நீளத்தில் 35 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது.

அந்த எழுத்துகள் புரதத்தில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன?

எதிர்ப்பொருள் வெளியில் தெரிவதைத்தான் பிடிக்க முடியும். யூனிப்ராட் பக்கத்தில் புரதத்தின் எந்தப் பகுதி சவ்வுக்கு வெளியே, எந்தப் பகுதி உள்ளே என்று போட்டிருப்பார்கள். பி04578-இல் 706 முதல் 856 வரை உள்ளே இருக்கும் வால். நம் ஆறெழுத்து அந்த வாலின் நுனி. முழு வைரஸாக இருக்கும்போது அது சவ்வுக்கு உள்பக்கம் மறைந்திருக்கும். டி அணுக்களுக்கு இந்தத் தடை கிடையாது. அவை அணுக்குள் வெட்டப்பட்ட துண்டுகளையே பார்க்கின்றன. ஆனால் அவற்றுக்குக் காட்டப்படும் துண்டு பெரும்பாலும் எட்டு முதல் பதினொரு எழுத்து, அல்லது அதைவிட நீளம். ஆறு போதாது.

இனி இன்டர்லூக்கின்-2 பக்கம். ஆறெழுத்துக்கு அடுத்து டி வந்ததே, அஸ்பார்டிக் அமிலம், வேலை செய்யும் புரதத்தில் 20-ஆவது இடம். இன்டர்லூக்கின்-2 தன் ஏற்பியின் (அணுவின் மேல் இருந்து சமிக்ஞையை வாங்கும் புரதம்) பீட்டா சங்கிலியைப் பிடித்துக்கொள்ள இந்த ஒரு எழுத்து மிக முக்கியம். அதை மாற்றினால் பிடி தளர்ந்துவிடும் என்று சோதித்திருக்கிறார்கள். வைரஸ் பக்கம் திரும்பிப் பாருங்கள். ஆறாவது எழுத்தோடு புரதமே முடிந்துவிட்டது. பிடிக்க வேண்டிய கொக்கி அங்கே இல்லவே இல்லை. வட்டம் போட்ட படத்தில் இது தெரியாது. வட்டத்துக்கு வெளியே ஒரு எழுத்து தள்ளிப் பார்த்தால் தெரியும். அதனால் எந்தச் செய்தி வந்தாலும் முன்னும் பின்னும் பத்து எழுத்து சேர்த்து எழுதிப் பாருங்கள்.

எழுத்து ஒத்தும் வேலை ஒக்காத கதை இது. தலைகீழும் உண்டு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் நம் இன்டர்லூக்கின்-10 புரதத்தைப் போல ஒன்றைத் தானே செய்கிறது. யூனிப்ராட்டில் பி03180-ஐயும் மனிதனின் பி22301-ஐயும் தேர்ந்தெடுத்து ‘அலைன்’ பொத்தானை அழுத்தினால் வரிக்கு வரி ஒத்துவருவதைக் காணலாம். வெட்டுப்படும் முன்பகுதியைத் தள்ளிவிட்டால் 80 விழுக்காட்டுக்கு மேல். என்றோ ஒரு காலத்தில் விலங்கிடமிருந்து மரபணுவை எடுத்துக்கொண்டு வைத்திருக்கிறது. இன்டர்லூக்கின்-10 எதிர்ப்பு அணுக்களை அமைதிப்படுத்தும் சமிக்ஞை. வைரஸுக்கு அது வேண்டாமா? சைட்டோமெகலோ வைரஸும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அதன் புரதம் நம்முடையதோடு 27 விழுக்காடுதான் ஒக்கும். அப்படியிருந்தும் நம் இன்டர்லூக்கின்-10 ஏற்பியைக் கச்சிதமாகப் பிடித்துக்கொள்கிறது; மடிப்பு அப்படி. தொடர்ச்சியான எழுத்துகளைத் தேடி வட்டம் போடுகிறவர் கண்ணில் இந்த நிஜமான பாவனை படவே படாது. நம் அணுக்களின் மொழியைத் திருடிப் பேசும் வைரஸ்கள் இவைதான். படிவம் ஆறு பிள்ளைகள் இந்த இரண்டு வைரஸைப் பற்றியும் ஒரு முழு ஞாயிறு உட்கார்ந்து படித்தாலும் தகும்.

யாராவது ஆய்வுக்கூடத்தில் ஒட்டிப் பார்த்தார்களா?

ஐ.இ.டி.பி. தளத்தில் எழுத்துத் துண்டைப் போட்டு, அச்சான பொருத்தம் என்றோ 90 விழுக்காட்டுப் பொருத்தம் என்றோ தேர்ந்தெடுத்துத் தேடலாம். எதிர்ப்பொருள் சோதனை, டி அணுச் சோதனை என்று பிரித்துக் காட்டும். ஒட்டியது, ஒட்டவில்லை இரண்டும் பதிவாகியிருக்கும். ஒன்றுமே வராவிட்டால் யாரும் சோதித்துப் பதியவில்லை என்றுதான் அர்த்தம். இல்லை என்று ஆகிவிடாது.

நிரூபணம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். 2022-இல் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்த 10 மில்லியனுக்கும் மேற்பட்டவர்களை இருபது ஆண்டு பின்தொடர்ந்து, அவர்களில் நோய் வந்தவர்களின் இரத்த மாதிரிகளை வராதவர்களுடையதோடு ஒப்பிட்டது. வைரஸ் தொற்றிய பிறகு நோய் வரும் ஆபத்து 32 மடங்கு கூடியது. மற்றொன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவினுடையது. நோயாளிகளின் தண்டுவட நீரிலிருந்து பி அணுக்களை எடுத்து, அவை செய்யும் எதிர்ப்பொருளைத் தனியாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று வைரஸின் ஈபிஎன்ஏ-1 புரதத்தையும் பிடித்தது, நம் மூளை அணுக்களில் இருக்கும் கிளியல்கேம் புரதத்தையும் பிடித்தது. பிடித்த நிலையிலேயே படிகமாக்கி வடிவத்தைப் பார்த்தார்கள். எலிகளுக்கு அந்த வைரஸ் துண்டைச் செலுத்தியபோது நோய் கடுமையானது.

எத்தனை படி தாண்டியிருக்கிறார்கள் பாருங்கள். எழுத்துப் பொருத்தம் அதில் ஒரு படிதான். இத்தனைக்கும் பிறகும், உலகில் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு இந்த வைரஸ் தொற்றியிருக்க, நோய் வருவது மிகச் சிலருக்கே. மரபணுவும் வேறு காரணங்களும் கூடி வர வேண்டும்.

இனி அந்தப் புலனச் செய்தி

இந்த ஊரில் நான் அதிகம் பார்ப்பது கல்லீரல் அழற்சி பி பற்றியது. ‘ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் ஆறெழுத்து மனித நரம்பு உறையோடு ஒக்கிறது, ஊசி போட்டால் நரம்பு பாழாகும்.’ நான்கு விஷயங்களில் மூன்றுதான் இதில் இருக்கிறது. முன்பு சொன்னபடி இங்கே நிறுத்த வேண்டும், ஆனால் வட்டமிட்ட எழுத்துகள் கையில் இருப்பதால் விட்டுப்போனதை நாமே தேடிவிடலாம்.

எழுத்துகள் உண்மை. ஒய், ஜி, எஸ், எல், பி (P), க்யூ. நரம்பு உறையில் இருக்கும் மனித மையலின் அடிப்படைப் புரதத்தில், யூனிப்ராட்டில் பி02686, தேடினால் கிடைக்கும். 1985-இல் ஃபுஜினாமியும் ஓல்ட்ஸ்டோனும் சயன்ஸ் இதழில் எழுதியதும் இதைத்தான். வைரஸின் அந்தத் துண்டை முயல்களுக்குச் செலுத்தினார்கள். முயல்களின் எதிர்ப்பொருள் மையலின் புரதத்தோடும் வினைபுரிந்தது, சில முயல்களின் நரம்பு மண்டலத்தில் அழற்சியும் தெரிந்தது. பாவனை சாத்தியம் என்று காட்டிய அருமையான வேலை அது. இன்றும் மதிப்போடு படிக்க வேண்டியது.

செய்தியில் விடுபட்டுப்போன நான்காவது விஷயம்: வைரஸின் எந்தப் புரதம்? அந்த ஆறெழுத்து இருப்பது பாலிமரேஸ் என்ற புரதத்தில், வைரஸ் தன்னை நகலெடுக்கப் பயன்படுத்தும் கருவி. ஊசியில் இருப்பது மேற்பரப்புப் புரதம் மட்டும், ஈஸ்ட்டில் தயாரித்தது. ஊசியில் பாலிமரேஸே கிடையாது. ஊசி மருந்தின் தகவல் தாளிலேயே இதைப் படிக்கலாம். கிளினிக்கில் கேட்டால் காட்டுவார்கள், கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

மனிதர்களில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2001-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று அமெரிக்கச் செவிலியர்களை வைத்துச் செய்தது. இரண்டிலும் ஊசிக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸுக்கும் தொடர்பு தெரியவில்லை. 2004-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு தொடர்பு இருப்பதாகச் சொன்னது. பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. நம் நாட்டில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஊசி போடுகிறார்கள். ஊசியைத் தவிர்த்தால் அந்தப் பிள்ளைக்கு வரக்கூடியது நிஜ வைரஸ், அந்தப் பாலிமரேஸும் சேர்ந்தே. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் பெரும்பாலும் அது ஆயுளுக்கும் தங்கிவிடும். ஈரல் சுருக்கத்திலும் ஈரல் புற்றுநோயிலும் போய் முடியலாம். கிளினிக்கில் அந்த இரத்தக் குழாய்கள் என் கை வழியாகப் போகின்றன. அதனால்தான் இந்த ஒரு செய்திக்கு மட்டும் நான் விடாமல் பதில் எழுதுகிறேன்.

பதில் எழுதும்போது செய்தி அனுப்பியவரை நோகடிக்காதீர்கள். பெரும்பாலும் அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். மஞ்சள் பச்சை அடித்த தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், நீங்கள் தேடிய எண்களையும் சேர்த்து. அவர்களே சோதித்துப் பார்க்கட்டும். எங்கள் வீட்டு வரிசையில் ஒரு தங்கைக்கு நான் எழுதியது இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

“தங்கச்சி, நீ அனுப்பியதைப் பார்த்தேன். ஆறெழுத்து ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் அந்த எழுத்து வைரஸின் பாலிமரேஸ் புரதத்தில் இருக்கிறது, பாப்பாவுக்குப் போடும் ஊசியில் அந்தப் புரதம் இல்லை. ஊசியில் இருப்பது மேற்பரப்புப் புரதம். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்துக்கு வா, உன் கைப்பேசியிலேயே சேர்ந்து பார்க்கலாம். பாப்பாவின் ஊசித் தேதியைத் தள்ளிப் போடாதே. கிளினிக்குக்குப் போகும்போது இந்தச் செய்தியையும் டாக்டரிடம் காட்டு, பயப்படாமல் கேள்.”